டென்னிஸ் பந்தும் கல்யாணப் பத்திரிகை அட்டையும்: வீட்டில் ஒரு புரதச் சங்கிலி

முகூர்த்த மாதங்கள் முடிந்தால் எங்கள் அச்சகத்தின் மூலையில் அட்டைத் துண்டுகள் மூட்டையாகச் சேர்ந்துவிடும். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, வெட்டிப்போட்ட ஓரங்கள். எடைக்குப் போட்டால் டீச்செலவுக்குத்தான் ஆகும். இந்த முறை அதில் புரதம் செய்தேன்.

ஆரம்பித்து வைத்தவன் அக்கா மகன். பிளஸ் டூ படிக்கிறான். பாடப் புத்தகத்தில் புரதச் சங்கிலி ரிப்பன் மாதிரி சுருண்டிருக்கும் படத்தைக் காட்டி, "மாமா, இது ஏன் இப்படித்தான் சுருளணும்? நூல் மாதிரி இஷ்டத்துக்குக் கிடந்தா என்ன?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. பி.எஸ்சி. வேதியியல் படித்தவன் என்பதால் தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. செய்து பார்ப்போம் என்றேன்.

முதல் முயற்சி தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும். டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டி மூட்டாக வைத்து, குச்சிகளைச் செருகிக்கொண்டே போனால் சங்கிலி. ஒரு மணி நேரத்தில் முப்பது மூட்டு ஆயிற்று. தூக்கிப் பிடித்தால் வாடிய பூச்சரம் மாதிரி தொங்கியது. எப்படி மடக்கினாலும் மடங்கியது, எந்த வடிவத்திலும் நிற்கவில்லை. பையன் கேட்ட கேள்விக்கு இது பதிலே இல்லை. கேள்வியையே பெரிதாக்கிக் காட்டியது.

தவறு எங்கே என்பது பழைய நோட்டைப் புரட்டியதும் தெரிந்தது. புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பு பெயருக்குத்தான் ஒற்றைப் பிணைப்பு, பாதி இரட்டைப் பிணைப்பின் குணம் அதற்கு உண்டு. அதனால் அது திருகாது. அதைச் சுற்றியுள்ள ஆறு அணுக்களும் ஒரே தளத்தில், தட்டையாக நிற்கும். நான் எல்லா மூட்டையும் ஆட விட்டிருந்தேன். இந்தத் தப்பைச் செய்ததில் எனக்குப் பெரிய கூட்டாளிகள் உண்டு. 1950-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் பிராக், கெண்ட்ரூ, பெருட்ஸ் மூவரும் புரதச் சங்கிலி எப்படியெல்லாம் சுருளலாம் என்று பட்டியல் போட்டார்கள். அந்தத் தட்டையைக் கட்டாயமாக்காமல் விட்டதால் சரியான சுருள் அதில் சிக்கவில்லை. அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பவுலிங் 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சளி பிடித்துப் படுத்திருந்தபோது ஒரு தாளில் சங்கிலியை வரைந்து, மடியக்கூடிய இடத்தில் மட்டும் மடித்துப் பார்த்து அதைப் பிடித்தார். தாளை மடிப்பதுதானே எங்கள் தொழில், எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

சரி, அட்டைக்கு வந்தேன். ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு 2 செ.மீ. என்று அளவு வைத்துக்கொண்டேன். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு செ.மீ.யில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. ஆக உண்மையைவிட இருபது கோடி மடங்கு பெரிய பொம்மை. ஒவ்வொரு பெப்டைடுத் தட்டையும் ஓர் அட்டை. இரு முனைகளிலும் ஆல்ஃபா கார்பன்கள் (ஒவ்வொரு அமினோ அமிலத்தின் நடுக் கார்பன்), இடையே 3.8 ஆங்ஸ்ட்ராம், அதாவது 7.6 செ.மீ. நடுவில் கார்பனும் நைட்ரஜனும் 2.7 செ.மீ. இடைவெளியில். கார்பனிலிருந்து ஒரு பக்கம் 2.5 செ.மீ.யில் ஆக்சிஜன், நைட்ரஜனிலிருந்து எதிர்ப்பக்கம் 2 செ.மீ.யில் ஹைட்ரஜன். கணினியில் வரைந்து ஒரே தாளில் பல தட்டைகளாக அச்சடித்துக் கத்தரித்தேன். அதுவரை அரை நாள் வேலைதான்.

படுத்தியது மூட்டு. திருகல் நடக்க வேண்டியது ஆல்ஃபா கார்பனின் இரு பக்கமும், பிணைப்பின் நீளவாக்கில். டிச் பட்டன் வைத்துப் பார்த்தேன். அது அட்டையின் தளத்திலேயே சுற்றும், நமக்கு வேண்டிய அச்சில் சுற்றாது. கடைசியில் ஜிஐ கம்பியை 110 பாகையில் வி-வடிவமாக வளைத்தேன். வளைவுதான் ஆல்ஃபா கார்பன். ஒரு காலை இந்த அட்டையில் ஒட்டிய குழாய்க்குள்ளும் மறுகாலை அடுத்த அட்டைக் குழாய்க்குள்ளும் செருகினால் இரண்டு திருகலும் தனித்தனியே கிடைக்கும். நைட்ரஜன் பக்கத் திருகலுக்கு ஃபை என்றும் கார்பன் பக்கத் திருகலுக்கு சை என்றும் பெயர். குழாய்க்குத் தீர்ந்துபோன பேனா ரீஃபில்களை வெட்டினேன். தீர்ந்தது என்று நினைத்ததில் மை இருந்தது. என் விரல், மேஜை, அடுத்த நாள் டெலிவரி கொடுக்க வேண்டிய பூப்புனித நீராட்டு விழாப் பத்திரிகையில் நாலு, எல்லாம் நீலம். அப்புறம் காது குடையும் பட்ஸின் பிளாஸ்டிக் குச்சிக்கு மாறினேன். கம்பி அதில் இறுக்கமாக நின்றது, திருகினால் திருகிய இடத்தில் தங்கியது.

இரண்டு அட்டை, நடுவில் ஒரு வளைவு. இவ்வளவுதான் சோதனைக் கருவி. ஆனால் அட்டைக்குப் பருமனில்லை, அணுவுக்கு உண்டு. எந்த அணுவும் இன்னொன்றை ஒரு எல்லைக்கு மேல் நெருங்க விடாது. பிணைப்பில் இல்லாத இரண்டு ஹைட்ரஜன்களுக்கு இடையே குறைந்தது 2.0 ஆங்ஸ்ட்ராம், ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 2.4, இரண்டு ஆக்சிஜனுக்கு 2.8, இரண்டு கார்பனுக்கு 3.2. பாதியாக்கினால் ஒவ்வொரு அணுவின் ஆரமும் வந்துவிடும். ஹைட்ரஜனுக்கு என் கணக்கில் 4 செ.மீ. விட்டம் வந்தது. டேபிள் டென்னிஸ் பந்தின் விட்டமும் அதே 40 மி.மீ. கார்பனுக்கு 6.4 செ.மீ. வந்தது. தெருவில் கிரிக்கெட் ஆடித் தேய்ந்த டென்னிஸ் பந்து அச்சாகப் பொருந்தியது. ஆக்சிஜனுக்கு மட்டும் தெர்மோகோல் உருண்டை வாங்கினேன். வளைவிலிருந்து நீட்டிய ஒரு கம்பியில் டென்னிஸ் பந்து: அதுதான் அமினோ அமிலத்தின் பக்கக் கிளை, முதல் கார்பன் மட்டும். பந்து மாட்ட இடமில்லாத அணுக்களுக்கு ஈர்க்குச்சியை 6.4, 5.6, 4.8 செ.மீ. என்று நறுக்கி அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

இனி ஒவ்வொரு நிலையாகத் திருக வேண்டும். ஃபையை 30 பாகை, சையை 30 பாகை என்று நகர்த்தினால் 12 பெருக்கல் 12, மொத்தம் 144 நிலை. வரைபடத் தாளில் ஃபை கிடைமட்டமாக, சை செங்குத்தாக; பந்து இடித்தால் பெருக்கல் குறி, இடிக்காவிட்டால் டிக். மூன்று மாலைகள் ஆயிற்று. பையன் கோணமானியைப் பிடித்துப் படிப்பான், நான் திருகுவேன். முதல் மாலையிலேயே அவன் முகம் மாறியது. இடி, இடி, இடி என்றே வந்தது. ஆக்சிஜன் ஆக்சிஜனை இடிக்கும், ஹைட்ரஜன் ஹைட்ரஜனை இடிக்கும், தப்பித்தால் டென்னிஸ் பந்து குறுக்கே நிற்கும். முடிவில் 144-க்கு 27 டிக். தெர்மோகோலைக் கொஞ்சம் அமுக்கிக் கொடுத்த சலுகையும் அதில் சேர்த்தி.

"அப்போ இஷ்டத்துக்குக் கிடக்க இடமே இல்லையே மாமா" என்றான். ஆமாம், அதுதான் அவன் கேள்விக்குப் பதில்.

இந்தத் தாளுக்கு உலகம் முழுக்க ராமச்சந்திரன் வரைபடம் என்று பெயர். ஜி.என். ராமச்சந்திரன் 1952-ல் பெங்களூரிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் துறைத் தலைவராக வந்தார், அப்போது முப்பது வயதுதான். வேலையை முதலில் சி.வி. ராமனுக்குத்தான் கொடுக்க முன்வந்தார் துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார். ராமன் தன் மாணவரைக் கைகாட்டினார். அந்த ஆண்டு சென்னை வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சோடு சொல்லிவிட்டுப் போனார். தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் புரதம் அது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ்-கதிரில் படம் எடுத்து, 1954-ல் மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பு என்று நேச்சர் இதழில் எழுதினார்கள், மறு ஆண்டு அதைத் திருத்தி முறுக்கேற்றினார்கள். உடனே கேம்பிரிட்ஜிலிருந்து பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் என்ற இரு விஞ்ஞானிகள் மறுப்புச் சொன்னார்கள்: மூன்று சங்கிலி சரி, ஆனால் உங்கள் அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். அளவுக்கு மீறி என்றால் எந்த அளவு? அதை யாரும் ஒழுங்காக வகுத்து வைத்திருக்கவில்லை. வாதத்தை விட்டுவிட்டு, அதுவரை தெரிந்த படிக அமைப்புகளையெல்லாம் அலசி, எந்த அணு எதை எவ்வளவு நெருங்கும் என்று அட்டவணை போட்டார்கள் மெட்ராஸ்காரர்கள். நான் மேலே ஈர்க்குச்சி நறுக்கியது அந்த அட்டவணையை வைத்துத்தான். அதிலிருந்து 1963-ல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வெளியிட்டது இந்த வரைபடம். இன்றும் யாராவது ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தேன் என்றால், முதலில் இந்தத் தாளில் வைத்துத்தான் உரசிப் பார்க்கிறார்கள்.

ஆனால் என் தாளைப் புத்தகப் படத்தோடு வைத்துப் பார்த்தபோது ஒத்துவரவில்லை. புத்தகத்தில் அனுமதிக்கப்பட்ட இடங்கள் இடது பக்கம்: மேலே ஒன்று, நடுவுக்குச் சற்றுக் கீழே ஒன்று. எனக்கு வலது பக்கம் வந்திருந்தது, மேல் கீழும் மாறி. கோணத்தின் சுழியத்தில் தப்பு என்று நினைத்தேன். 1963-ல் முழுக்க நீட்டிய சங்கிலிக்கு 0 என்று வைத்தார்கள், பின்னால் 180 என்று மாற்றினார்கள். அந்தக் குழப்பம் எனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று. அதை மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை. அப்படியே கிடக்கட்டும் என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். வரக்கூடாத சோம்பல்.

அடுத்த வேலை, பவுலிங் பிடித்த அந்தச் சுருள். ஆல்ஃபா சுருள் என்று பெயர். பன்னிரண்டு அட்டைகளைக் கோத்து, எல்லா மூட்டிலும் ஒரே கோணம்: ஃபை 57, சை 47. இந்தக் கட்டத்தில் ஹைட்ரஜன், ஆக்சிஜன் பந்துகளைக் கழற்றிவிட வேண்டியிருந்தது. காரணம், சுருளைப் பிடித்து வைப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. அதில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் 2 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு நெருங்கிவிடும். 2.4 என்ற வேலியைத் தாண்ட அந்த ஜோடிக்கு மட்டும் சலுகை உண்டு. பந்தோடு செய்தபோது சுருள் மூடவே மாட்டேன் என்றது, ஒரு மணி நேரம் வீணாயிற்று. கழற்றியதும் அழகாக மூடியது. முதல் அட்டையின் ஆக்சிஜன் நாலாவது அட்டையின் ஹைட்ரஜனுக்கு நேராக வந்து நின்றது. இரண்டாவது ஐந்தாவதுக்கு. ஹைட்ரஜன் பிணைப்புக்கு அடையாளமாகச் சிவப்பு நூல் கட்டினேன். சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம், சுற்றின் உயரம் 5.4 ஆங்ஸ்ட்ராம் என்பார்கள். என் அளவில் 10.8 செ.மீ. வரவேண்டும், ஸ்கேல் வைத்தால் 11-ஐத் தொட்டது. பட்ஸ் குச்சிக்கு அது போதும்.

டென்னிஸ் பந்துகளெல்லாம் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருந்தன. இடையில் ஒன்றும் இல்லை, எதுவும் இடிக்கவில்லை. நான் ரசித்துக்கொண்டிருந்தேன். பையன் கட்டிங் மெஷினின் போல்ட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "மாமா, இது போல்ட்டு மரைக்கு எதிரா ஓடுது."

ஆல்ஃபா சுருள் சாதாரண போல்ட்டின் மரை மாதிரி ஓட வேண்டும். வலம்புரி என்று சொல்லியிருப்பேன், ஆனால் அதிலும் ஒரு வம்பு இருக்கிறது: நாம் வலம்புரிச் சங்கு என்று கொண்டாடுவதை விலங்கியலில் இடப்புறம் சுழலும் சங்கு என்றுதான் சொல்கிறார்கள். எந்த முனையிலிருந்து பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போல்ட்டில் அந்தச் சண்டை இல்லை, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மரை.

தப்பு டென்னிஸ் பந்தில். ஆல்ஃபா கார்பனில் மீதி இருக்கும் இரண்டு இடங்களில் எதில் பக்கக் கிளையை மாட்டுவது என்பதற்கு விதி இருக்கிறது. ஹைட்ரஜன் பக்கமிருந்து பார்த்தால், ஆக்சிஜனைத் தாங்கும் கார்பன், பக்கக் கிளை, நைட்ரஜன் என்று கடிகார முள் திசையில் வர வேண்டும். நான் தொடக்கத்திலேயே பந்தை ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் மாட்டியிருந்தேன். உயிர்களின் புரதத்தில் உள்ள இடக்கை அமினோ அமிலங்களுக்குப் பதில் அவற்றின் கண்ணாடிப் பிம்பம். பன்னிரண்டும் அப்படியே. சுருளும் கண்ணாடிப் பிம்பமாகவே சுருண்டது. இதிலும் எனக்குத் துணை உண்டு: 1951-ல் பவுலிங் குழு வெளியிட்ட கட்டுரையின் படத்தில் இருக்கும் ஆல்ஃபா சுருளும் தப்பான கைதான். எந்தக் கை என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது; பைஃபூட் என்ற டச்சுக்காரர் அதே ஆண்டுதான் எக்ஸ்-கதிரை வைத்து அதைத் தீர்த்தார்.

144 நிலைகளையும் மறுபடி எடுக்க வேண்டுமே என்று எனக்கு வயிறு கலங்கியது. அப்போதுதான் பொறி தட்டியது. கண்ணாடிப் பிம்பத்தில் எல்லாத் திருகலும் எதிர்த்திசை ஆகும், கூட்டல் கழித்தலாகும். அதாவது வரைபடத் தாளை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் போதும். திருப்பினேன். டிக்குகள் எல்லாம் இடது பக்கம், மேலே ஒரு கூட்டம், நடுவுக்குக் கீழே ஒரு கூட்டம். புத்தகத்தில் இருந்தது அப்படியே. மூன்று நாள் மர்மம் ஒரு நொடியில் முடிந்தது.

இது இன்னொன்றையும் விளக்கியது. டென்னிஸ் பந்தைக் கழற்றி அந்த இடத்தில் இன்னொரு டேபிள் டென்னிஸ் பந்தை மாட்டினால் கிளைசின் ஆகிவிடும், இருப்பதிலேயே சின்ன அமினோ அமிலம். அதற்கு இடக்கை வலக்கை கிடையாது. ஆகவே அதன் தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும். அதனால் பாதி நிலைகளை மட்டும் சோதித்து மீதியை நகல் எடுத்துக்கொண்டோம். 73 டிக். ஒரு பந்தைச் சின்னதாக்கியதற்கு 27 எங்கே, 73 எங்கே.

இனி கொலாஜன். ஆரம்பித்த இடத்துக்கே வந்தாயிற்று, செய்யாமல் விட்டால் எப்படி? ஒன்பது அட்டைச் சங்கிலிகள் மூன்று. ஃபை கழித்தல் 70, சை 150 பக்கம். பந்துகளை இந்த முறை சரியான பக்கம் மாட்டினேன், மூன்று தடவை போல்ட்டைப் பார்த்துவிட்டு. ஒவ்வொரு சங்கிலியும் போல்ட்டு மரைக்கு எதிராக நீளமாக, சோம்பலாகச் சுருள்கிறது. அந்த மூன்றையும் சேர்த்துப் போல்ட்டு மரைப் பக்கம் முறுக்க வேண்டும். கயிறு திரிப்பவர்களுக்கு இது புதிதில்லை: நாரை ஒரு பக்கம் முறுக்கிப் புரியாக்கி, மூன்று புரியை எதிர்ப்பக்கம் முறுக்கினால்தான் கயிறு பிரியாமல் நிற்கும்.

மூன்றையும் சேர்த்துப் பிடித்தேன். சேரவில்லை. நடுவில் டென்னிஸ் பந்துகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றில் ஒரு பந்து கட்டாயம் அச்சுப் பக்கம் திரும்புகிறது. எப்படித் திருப்பினாலும் எதாவது ஒன்று உள்ளே வந்தே தீரும். அந்த மூன்றாவது பந்துகளை மட்டும் கழற்றிவிட்டு, சங்கிலிகளை ஒன்றுக்கொன்று ஒரு படி ஏற்றி இறக்கி வைத்ததும் மூன்றும் உள்ளே அடங்கின. கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்று கல்லூரியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஏன் என்று என் கைக்குத் தெரிந்தது இப்போதுதான். ஆயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலம் உள்ள சங்கிலியில் ஒரே ஒரு கிளைசின் இடத்தில் பெரியது ஒன்று வந்து உட்கார்ந்தால் போதும், எலும்பு சாதாரண அடிக்கே முறியும் நோய் வரலாம்.

சிவப்பு நூல் கட்டும்போது மூன்று அமினோ அமிலத்துக்கு ஒரு நூல்தான் நேராக வந்தது. மெட்ராஸ் அமைப்பில் இரண்டு, கிரிக் பக்கம் ஒன்று. இந்த ஒரு விஷயத்தில் கிரிக் பக்கம்தான் சரி என்று பின்னால் வந்த படிக அமைப்புகள் காட்டின. நான் மனசுக்குள் மெட்ராஸ் கட்சி என்பதால் இரண்டாவது நூலை இழுத்துக் கட்டியும் பார்த்தேன். அட்டை மடங்கியது.

என் பொம்மையின் நீளம் அரை மீட்டருக்குச் சற்று மேல். ஒரு முழுக் கொலாஜன் மூலக்கூறு 3,000 ஆங்ஸ்ட்ராம். இதே அளவில் செய்தால் 60 மீட்டர், எங்கள் கடையிலிருந்து டீக்கடை தாண்டிப் போகும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் ஆட்டுக்கால் பாயா. கொதிக்கும் குக்கரைக் காட்டி, உள்ளே இப்போது இதுதான் நடக்கிறது என்று பையனிடம் சொல்லிவிட்டு, சிவப்பு நூல்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்தேன். மூன்று சங்கிலியும் பிரிந்து தரையில் விழுந்தன. "திரும்பச் சேருங்க மாமா" என்றான். இருவரும் உட்கார்ந்து முயன்றோம். எந்தச் சங்கிலியின் எந்தப் படி எதோடு சேர வேண்டும் என்று பிடிபடவில்லை. ஒரு முனையில் இரண்டு சேர்ந்தன, இன்னொரு இடத்தில் மூன்றாவதன் நுனி மாட்டிக்கொண்டது, நடுவில் பெரிய வளையமாகத் தொங்கியது. அரை மணி நேரம் கழித்து விட்டுவிட்டோம்.

மிச்சப் பாயாவை அக்கா ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். காலையில் திறந்தபோது குழம்பு இல்லை, தட்டினால் ஆடும் கட்டி. பையன் அதை ஒரு கரண்டியால் அழுத்திப் பார்த்துவிட்டு, மேஜைமேல் கிடந்த அட்டைச் சிக்கலைப் பார்த்தான்.

"தண்ணி அந்த வளையத்துக்குள்ள மாட்டிக்கிச்சா மாமா?"

"ஆமாண்டா. மூடி வை, அப்புறம் சூடு பண்ணிச் சாப்பிடலாம்."